பூச்சிகளுக்கு மாட்டுப் பொங்கல்

டிசம்பர் 3

காலையில் குளிக்கவில்லை. கீசர் நன்றாகத்தான் இருக்கிறது. குளியலறைத் தரையைத்தான் மிதிக்க முடியவில்லை.

தொட்டிக்குள் வரும் கழிவுநீர் பதினைந்து டிகிரி. ஆய்வகப் பதிவேட்டில் அதை எழுதிவிட்டு வந்தேன். அதில் எழுதக்கூடாத விஷயங்கள் சேர்ந்துகொண்டே போவதால் இந்த டைரி.

இருபது வருடமாகக் கோவையில், பல்கலைக்கழகத்தில், காற்றில்லாத தொட்டிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். கழிவுநீர் கீழிருந்து மெல்ல மேலே ஏறும். அடியில் கறுப்புக் களி மாதிரிக் கசடு கிடக்கும். காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் அதில் குடியிருந்து, வரும் அழுக்கைத் தின்று எரிவாயுவாக மாற்றும். மோட்டார் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம். சமவெளியில் இது அருமையாக வேலை செய்கிறது. மலைக் குளிரில் செய்யுமா என்று பார்க்கத்தான் நகராட்சி இந்தப் பத்தாயிரம் லிட்டர் தொட்டியைக் கட்டி, என்னையும் ஜூலையில் இங்கே ஏற்றிவிட்டது.

பிப்ரவரி கடைசியில் குழு வந்து பார்க்கும். தேறினால் ஊருக்கே பெரிய தொட்டி. தேறாவிட்டால் இந்த ஊர்ச் சாக்கடை இன்னும் இருபது வருடத்துக்கு அதே ஓடையில்தான் விழும். அந்த ஓடையில்தான் கீழே கேரட் கழுவுகிறார்கள்.

தேறுமா என்று எனக்கே சந்தேகம். கூட்டங்களில் சொல்வதில்லை.

டிசம்பர் 9

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. மழைக்கு ஒதுங்கினேன். கடைக்காரர் பெயர் ஞானதுரை. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருடம் ஆகிறதாம். பேச்சு மட்டும் இன்னும் மலையேறவில்லை.

"சாக்கடைத் தண்ணிக்குத் தெனமும் தெர்மாமீட்டர் வச்சுப் பாக்கிய மேடம் நீங்கதானா?"

"ஆமா."

"காய்ச்சலா?"

"இல்ல. குளிர்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து வாயு வரும், அதில் அடுப்பு எரியும், செப்டம்பரில் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் லீலா அதில்தான் டீ போட்டாள் என்று விளக்கினேன். ஏன் விளக்கினேன் என்று தெரியவில்லை, அவர் கேட்கவில்லை.

"அந்தக் காத்துல போட்ட டீய நான் குடிக்க மாட்டேன். முன்னாடியே சொல்லிப்புட்டேன்."

"உங்கள யாரும் கூப்பிடலிங்களே."

"கூப்பிட்டா வருவேன். குடிக்க மாட்டேன்."

டிசம்பர் 10

ரொட்டிக்கடையில் சுடும் வர்க்கி, அடுக்கடுக்காக மொறுமொறுப்பது, இனிப்புப் பண்டத்தில் சேராது. அதனால் சாப்பிட்டேன்.

டிசம்பர் 18

புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. கழிவுநீர் பதின்மூன்று டிகிரி. அடுப்பு எரியவில்லை.

தொட்டியை இயக்குவது லீலாதான், முழுப்பெயர் புஷ்பலீலா. நாற்பது வயது இருக்கும். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி இங்கே குடியேறியவர்கள். வாய் ஓயாது, கையும் ஓயாது. தீப்பெட்டியில் பாதியைத் தீர்த்துவிட்டு, "செத்துப் போச்சுங்களா மேடம்?" என்றாள். தொட்டிக் காவலாளி மாதன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சாகவில்லை. வெளியே வரும் தண்ணீர் ஓரளவு சுத்தமாகத்தான் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் வாயு அதிகம் கரையும். நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற கொஞ்ச நஞ்சமும் தண்ணீரோடு கரைந்து போய்விடுகிறது. இதை இருவருக்கும் சொல்ல முயன்று தோற்றேன். கடைசியில், "மாட்டுக் கொட்டகைன்னு வெச்சுக்குங்க. உள்ள இருக்கறது மாடு. குளிர்ல மாடு மெதுவா அசை போடும், கொஞ்சமாப் பால் குடுக்கும். அதுக்காகச் செத்துப்போச்சுன்னு ஆகுமா?" என்றேன்.

இருவருக்கும் புரிந்துவிட்டது. இருபது வருட அனுபவம் வீண் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் நகராட்சித் தலைவர் பெள்ளிராஜ் வந்தார். அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "குழு வர்ற அன்னிக்கு இதுல டீ போட்டுக் குடிப்போம்னு பேப்பர்க்காரங்ககிட்ட சொல்லிட்டேனே மேடம்."

"என்னைக் கேக்காம சொல்லிட்டீங்களே."

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க."

சரிதான்.

டிசம்பர் 24

எதையும் முழுதாக நம்புவதில்லை என்பதால், தொட்டியின் அடிக் கசடில் நான்கு பீப்பாய் எடுத்து மூடி, கொட்டகைக்குள் வைத்தேன். "எதுக்கு மேடம்?" என்றாள் லீலா. "சும்மா" என்றேன்.

ரொட்டிக்கடையிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் வந்தது. அக்காவுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன். மாலைக்குள் முடிந்துவிட்டது.

ஜனவரி 6

பதின்மூன்று டிகிரி.

வீட்டுக்கு ரொட்டிக்கடை வழியாகப் போவது சுற்று வழிதான். ஆனால் ஏற்றம் குறைவு, முழங்காலுக்கு நல்லது. அவருடைய மனைவி இறந்து ஏழெட்டு வருடம் ஆகிறதாம், மகள் பெங்களூரில். நான் கேட்கவில்லை. லீலா சொன்னாள். லீலாவிடமும் கேட்கவில்லை.

ஜனவரி 13

பொங்கலுக்குக் கோவை போகிறேன். லீலாவிடம் சொன்னது: எதையும் தொட வேண்டாம், எதையும் மாற்ற வேண்டாம், அளவெடுத்தால் போதும். "நாங்க பாத்துக்கிறோம் மேடம். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

அந்த 'பாத்துக்கிறோம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 15

கோவை. அக்கா சுண்டல் தாளித்துக்கொண்டே, "எப்ப நிரந்தரமா இறங்கி வர்றே?" என்று கேட்டாள். மார்ச்சில் என்றேன். "முகம் தெளிஞ்சிருக்கே, குளிர் ஒத்துக்குதா?" என்றாள். ஈரப்பதம் அதிகம், தோலுக்கு நல்லது என்றேன். வெகுநேரம் என்னையே பார்த்தாள்.

ஜனவரி 17

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மலையேறி நேராகத் தொட்டிக்குப் போனேன். தொட்டியின் நான்கு பக்கமும் மஞ்சள், குங்குமம். குழாய்க்குச் சாமந்தி மாலை. மேல் ஏணியில் கரும்பு கட்டியிருந்தது. வாயு வெளியேறும் குழாய்க்கு யாரோ புது வர்ணம் பூசியிருந்தார்கள், கொம்புக்குப் பூசுவதுபோல, பாதி நீலம், பாதி சிவப்பு.

வாடைதான் சரியில்லை. வழக்கமான வாடை எனக்குப் பழகிப்போனது. இது புளித்த மாவு வாடை.

"லீலா."

"மேடம்."

"உள்ள என்ன போட்டீங்க?"

அவளும் மாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாதன் வானத்தைப் பார்த்தார். லீலா சொன்னாள்: "மாட்டுப் பொங்கல் மேடம். நமக்காக வருசம் பூரா ஒழைக்குதுங்க. ஊர்ல எல்லா மாட்டுக்கும் பொங்கல் ஊட்டுறாங்க, நம்ம மாட்டுக்கு மட்டும் பீத்தண்ணியான்னு மனசு கேக்கல."

"பொங்கலா?"

"ரெண்டு அண்டா. அப்புறம் வெல்லம். தலைவர் குடுத்தனுப்பினாரு. நல்லாத் தின்னு நல்லா வாயு விடட்டும்னு. கரைச்சுத்தான் ஊத்துனோம் மேடம், கட்டியாப் போடல."

"எவ்வளவு வெல்லம்?"

"மூணு மூட்டை."

"சாக்கடை உள்ள வர்ற வால்வு?"

"நல்ல நாளும் அதுவுமா அது எதுக்குன்னு மூடிட்டோம். நிம்மதியாச் சாப்பிடட்டும்னு."

மூன்று நாள் வால்வு மூடியிருந்திருக்கிறது. ஒரு சொட்டு வெல்லமும் வெளியே போகவில்லை. உள்ளே இரண்டு வகை நுண்ணுயிர்கள் உண்டு. ஒரு வகை இனிப்பைத் தின்று அமிலமாக்கும். இன்னொரு வகை அந்த அமிலத்தைத் தின்று வாயுவாக்கும். முதல் வகை குளிரையும் பொருட்படுத்தாமல் தின்னும். இரண்டாவது வகைதான் சோம்பும். இப்போது தொட்டி முழுக்க அமிலம். காரமும் அமிலமும் இல்லாமல் ஏழில் நிற்க வேண்டிய பி.எச். அளவு ஐந்தரையில் நிற்கிறது. இப்படியே இரண்டு நாள் விட்டால் வாயு ஆக்குகிறவை மொத்தமும் சாகும். பிப்ரவரியில் குழு வந்து புளித்த பானையைத்தான் பார்க்கும்.

"நீங்கதானே மேடம் மாடுன்னு சொன்னீங்க" என்றாள் லீலா, மிகவும் மெதுவாக.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். ஏணியில் கட்டியிருந்த கரும்பைப் பார்த்தேன். தொட்டிக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன், தோள்தான் குலுங்கியது.

"மேடம் அழுவறாங்க" என்று மாதன் லீலாவிடம் சொல்வது கேட்டது.

ஜனவரி 18

புளித்த தண்ணீரை நேற்றே அவசரக் குழிக்கு வடித்துவிட்டோம். கசடு அடியில் தங்கிவிட்டது, ஆனால் அதுவும் புளித்துத்தான் கிடந்தது. அமிலத்தை முறிக்க ஏதாவது வேண்டும். பொங்கல் விடுமுறையில் மேட்டுப்பாளையத்துச் சுண்ணாம்புக் கடை பூட்டு. சமையல் சோடா போதும். ஆனால் ஊர் மளிகைக் கடைகளில் கிடைப்பதெல்லாம் ஐம்பது கிராம் பொட்டலம்.

யோசித்துக்கொண்டே நடந்தேன். கால் எந்த வழியில் போயிற்று என்று கவனிக்கவில்லை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஞானதுரை உள்ளே போனார். இரண்டு மூட்டை ஆப்பசோடாவை இழுத்து வந்து போட்டார். "பிஸ்கட்டுக்கு வாங்கினது. கேக்கு சீசன் முடிஞ்சாச்சு. கொண்டு போங்க."

விலை கேட்டேன்.

"பூச்சிக்கு நெஞ்செரிச்சல்ங்கிய. அதுக்குப் போயி ரூவா வாங்கவா?" என்றார். பிறகு, "ஒண்ணு செய்யுங்க. தெனமும் பார்சல் வாங்கிட்டுப் போறியள்ளா? வர்க்கி சூட்டோட சாப்பிடணும். இனிமே பார்சல் கெடையாது. இங்கனயே உக்காந்து சாப்பிடணும்."

வேலையின் அவசரம் கருதி ஒப்புக்கொண்டேன்.

தொட்டியில் புதுக் கழிவுநீரை ஏற்றி, சோடாவைக் கரைத்து ஊற்றினோம். அமிலத்தில் சோடா விழுந்ததும் நுரைத்துக்கொண்டு வந்தது. மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளை நுரை எழுந்து விளிம்பில் வழிந்து, சாமந்தி மாலையை நனைத்தது.

"பொங்கலோ பொங்கல்" என்றார் மாதன், வாய்க்குள்ளேயே. லீலா அவர் காலை மிதித்தாள்.

ஜனவரி 19

நான்கு பீப்பாய்க் கசடையும் தொட்டிக்குள் இறக்கினோம். "சும்மான்னு சொன்னீங்களே மேடம்" என்றாள் லீலா. பி.எச். ஆறே முக்கால்.

ஜனவரி 23

ஆறே முக்காலிலேயே நிற்கிறது. வால்வைக் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கிறோம். நோயிலிருந்து எழுந்தவருக்குக் கஞ்சி கொடுப்பதுபோல என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். கஞ்சி ஊற்றிவிடுவார்கள்.

ஜனவரி 29

ஏழு. வெளியே வரும் தண்ணீர் இன்னும் கலங்கல்தான். நேற்றைவிடக் குறைவு.

பன்னிரண்டு டிகிரி. ரொட்டிக்கடையில் அடுப்புக்கு அருகே ஒரு முக்காலி போடப்பட்டிருக்கிறது. வேறு யாரும் அதில் உட்காருவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 5

தண்ணீர் தெளிகிறது. டிசம்பர் அளவுக்கு வந்தாயிற்று. ஆனால் அடுப்பு எரியவில்லை, எரியவும் போவதில்லை; தண்ணீர் சூடாகும் வரை வாயு மேலே வராது. தலைவருக்கு வேண்டியது நெருப்பு. குழுவிலும் பாதிப்பேர் நெருப்பைத்தான் பார்ப்பார்கள்.

லீலா ஒரு யோசனை சொன்னாள். "கொட்டகைக்குப் பின்னாடி எங்க வீட்டு கேஸ் சிலிண்டர வெச்சு, டியூப மண்ணுக்கடியில..."

"லீலா."

"சும்மா சொன்னேன் மேடம்."

"டியூப் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"வேற எதுக்காவது ஆகும். வெச்சிருங்க."

பிப்ரவரி 8

முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுப்போரம் வைத்திருந்த பன்னீர் சோடா பாட்டிலை ஞானதுரை திறந்தார். பொங்கி என் சால்வையெல்லாம் நனைந்தது. பதறிப்போய்த் துண்டை நீட்டினார். பிறகு குளிர்பெட்டியில் இருந்த ஒன்றைத் திறந்தார். அது முனகக்கூட இல்லை.

குளிர்ந்தால் வாயு தண்ணீருக்குள் அடங்கியிருக்கும், சூடானால் வெளியே வரும். இருபது வருடமாக எழுதியும் வரைந்தும் காட்டுகிறேன். கொதிக்கவைத்துக் காட்டியதில்லை.

உடனே எழுந்துவிட்டேன். "கோவமா மேடம்?" என்றார். இல்லை, டியூப் ஞாபகம் வந்தது என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது.

பிப்ரவரி 12

சால்வை காயவில்லை. வேறு ஒன்று வாங்கினேன். கருநீலம். கடையில் இருந்ததே அது ஒன்றுதான் என்று எழுத நினைத்தேன். இல்லை, நிறைய இருந்தன.

பிப்ரவரி 21

குழு வந்தது.

தொட்டியிலிருந்து வெளியேறும் குளிர்ந்த தண்ணீரை ஒரு பெரிய பீப்பாயில் காற்றிடம் இல்லாமல் நிரப்பி மூடினோம். மேலே லீலாவின் டியூப். டியூபின் மறுமுனை, தண்ணீரில் கவிழ்த்த ஒரு டின்னுக்குள். மாதன் கீழே யூகலிப்டஸ் விறகை மூட்டினார். தலைவர், குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர், கவுன்சிலர்கள், பத்திரிகைக்காரர்கள் இருவர், எல்லோரும் குளிருக்கு நெருப்பைச் சுற்றி நின்றார்கள். அதுவே பாதி வெற்றி.

பீப்பாய் சூடேற ஏற டியூப் வழியாகக் குமிழிகள் வந்தன. கவிழ்த்த டின் தண்ணீரிலிருந்து மெல்ல எழும்பியது. "தூக்குது, தூக்குது" என்றார் ஒரு கவுன்சிலர். டின்னின் தலையில் வைத்த சிறு குழாயை லீலா திறந்தாள். நான் தீக்குச்சியைக் காட்டினேன்.

நீலமாக, விரல் உயரத்துக்கு, சத்தமில்லாமல் எரிந்தது. தலைவர் போர்வையைச் சரிசெய்துகொண்டு படத்துக்கு நிற்பதற்குள் அணைந்தது.

ஒரு கவுன்சிலர் டின்னைத் தட்டிப் பார்த்தார்.

"மேடம், இத்தன வெறகு எரிச்சு இத்துனூண்டு நெருப்பா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. நான் அடுப்பு விக்க வரல. வாயு உண்டாகுது, குளிர்ல தண்ணிக்குள்ளயே ஒளிஞ்சிருக்குது, அவ்வளவுதான் காட்டினேன். உள்ள வேலை நடக்குது. எவ்வளவு நடக்குதுன்னு நெருப்பு சொல்லாது, தண்ணிதான் சொல்லும்."

இரண்டு கண்ணாடிக் குடுவைகளை நீட்டினேன். உள்ளே போகும் தண்ணீர் ஒன்றில், வெளியே வருவது ஒன்றில். தலைவர் முதல் குடுவையைத் தொடவில்லை. இரண்டாவதை வெயிலில் தூக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். அவருக்குக் கேரட் தோட்டம் இருக்கிறது.

"இதுல கேரட் கழுவலாமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே கையெழுத்து ஆகியிருக்கும். "கூடாதுங்க. இதுக்கப்புறம் கல்லும் நாணலும் வெச்சு ஒரு படுகை கட்டணும். அதுலயும் வடிஞ்சு வந்தப்பறம் சோதிச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

லீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

தலைவர் குடுவையை ஆட்டினார். "நாணல்தானே? எங்க தோட்டத்து ஓரத்துல வெட்ட வெட்ட வருது. வந்து வெட்டிட்டுப் போங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த வெல்லம் மேடம்... ரொம்பத் தொந்தரவு ஆயிடுச்சாமே?" என்றார்.

"கொஞ்சம் நெஞ்செரிச்சல்."

பொறியாளர் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். முடிவு ஒரு வாரத்தில். டீயை மாதன் அந்த விறகு நெருப்பில் போட்டார். எல்லோரும் குடித்தார்கள். நாளைய பேப்பரில் என்ன வருமோ.

பிப்ரவரி 22

'சாக்கடை வாயுவில் தேநீர்: தலைவர் அசத்தல்' என்று வந்திருக்கிறது. மறுப்புக் கடிதம் எழுதினேன். போடுவார்களா என்று தெரியவில்லை. ரொட்டிக்கடையில் அந்தத் தாள் வர்க்கி மடிக்கும் அடுக்கில் இருந்தது. "குடிச்சியளா?" என்றார். அது விறகு டீ என்றேன். "பின்ன நான் சொன்ன சொல்லு நிக்குது" என்றார்.

மார்ச் 1

தேறிவிட்டது.

அழுக்கில் மூன்றில் இரண்டு பங்கு போகிறது என்று எழுதியிருக்கிறார் பொறியாளர். பன்னிரண்டு டிகிரியில். பெரிய தொட்டிக்கு ஒப்புதல், பக்கத்தில் நாணல் படுகை, தண்ணீரோடு கரைந்து போகும் வாயுவைப் பிடிக்க ஏற்பாடு. அந்தக் கடைசி வேலையை நான் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். இன்னும் இரண்டு குளிர்காலம்.

லீலா காகிதத்தை இரண்டு முறை படித்தாள். "பூச்சிக்கு ஏதாவது செய்யணும் மேடம்" என்றாள். நான் பார்த்த பார்வையில், "தூரத்துலேருந்து ஒரு கற்பூரம் மட்டும்" என்றாள். வாயு இருக்கும் இடத்தில் கற்பூரமும் கூடாது என்றேன். கடைசியில் கைகூப்ப மட்டும் அனுமதித்தேன். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

மார்ச் 4

அக்காவுக்குப் போன் செய்தேன். வேலை நீள்கிறது, இப்போதைக்கு இறங்க முடியாது என்றேன்.

"வேலைதானே?" என்றாள்.

"வேலைதான்."

"சரி. அவரையும் கூட்டிட்டு ஒரு நாள் வா" என்று வைத்துவிட்டாள். நான் யாரைப் பற்றியும் அவளிடம் சொன்னதே இல்லை. கேக் நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சோடா மூட்டையைப் பற்றியும். முக்காலியைப் பற்றியும் சொல்லியிருப்பேனோ என்னவோ.

மார்ச் 20

பதினெட்டு டிகிரி. காலையில் லீலா படியேறி ஓடி வந்தாள். அடுப்பு எரிகிறது. விறகில்லாமல், பீப்பாயில்லாமல், தானாக.

போய்ப் பார்த்தேன். சின்ன நெருப்புதான். ஆனால் அணையவில்லை. லீலா பாத்திரத்தை வைத்துவிட்டு, "முதல் டீ யாருக்கு மேடம்?" என்று கேட்டாள். கேட்ட தொனி சரியில்லை.

மாதனை ரொட்டிக்கடைக்கு அனுப்பினேன். வரச் சொல்ல வேண்டாம், அடுப்பு எரிகிறது என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

கடையை அப்படியே விட்டுவிட்டு, மாவுக்கையோடு இறங்கி வந்தார். கையில் ஒரு பொட்டலம். மூன்று மாதத்தில் இந்தச் சரிவில் அவர் கால் வைத்தது இதுதான் முதல் தடவை. மூக்கைப் பிடிக்கவில்லை, பிடிக்க நினைத்துத் தாடையைத் தடவிக்கொண்டார். நெருப்பைக் குனிந்து பார்த்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். நீலமும் சிவப்பும் பூசிய குழாயைப் பார்த்து, "இதுதான் கொம்பா?" என்று கேட்டார்.

டீயை நானே போட்டேன். அவரிடம் நீட்டினேன்.

"கூப்பிட்டா வருவேன்னுதான சொன்னேன்" என்றார்.

"நான் கூப்பிடல."

"அதுவும் சரிதான்."

டம்ளரை இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். லீலாவும் மாதனும் தொட்டியின் மறுபக்கம் போய், அங்கே இல்லாத ஏதோ ஒன்றைப் பழுது பார்த்தார்கள். ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு.

"எப்படி இருக்கு?"

"இனிப்புத் தூக்கல்" என்றார். "மூணு மூட்டை போட்டியளோ?"

அடுத்த முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன் என்றேன். அவசரமில்லை என்றார். பொட்டலத்தைப் பிரித்தார். வர்க்கி இன்னும் சூடாக இருந்தது.